ஆற்றங்கரையில் முதல் வரிசை

ஒரு பாதத்தின் நுனியை ஒட்டி மறு பாதத்தின் குதிகாலை வைத்து, கயிற்றின் மேல் நடப்பவரைப் போல ஆர்டிஸ் நடந்துகொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தின் முதல் வரிசைக் கல்லில் தொடங்கி, கரை சரிந்து ஆற்றுக்குள் இறங்கும் விளிம்பு வரை அந்த நடை. காலில், இறந்துபோன கணவர் லைலின் ரப்பர் பூட்ஸ். உள்ளே செய்தித்தாளைத் திணித்திருப்பார். விளிம்பில் நின்று, தபால் வண்டியிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பன்னெண்டு பூட்ஸ், ரோல்ஃப்! போன திங்கக்கிழமை பதினாலு."

அது மார்ச் கடைசி. டேப் வைத்து அளக்கலாமே என்றேன்.

"டேப்ல அளந்தா அது சர்வேயர் வேலை. இன்னும் எத்தனை எட்டு பாக்கியிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஆர்டிஸ் ஸ்கோகனுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருடம் எங்கள் ஹெக்டால் வட்டாரத்தின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர். என்னையும் ஒன்பது வருடம் ஏற்றி இறக்கியிருக்கிறார். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. ஆனாலும் அவர் வீட்டில் காபி குடிக்கும்போது நாற்காலியில் நெளிந்தால், "ஒழுங்கா உக்காரு, வண்டி இன்னும் நிக்கலை" என்பார். இப்போது ஓட்டுவது ஒரு பழைய பிக்கப். அதிலும் நிமிடத்துக்கு ஒருமுறை பின்கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பார்.

"பின்னாடி யாருமில்லை, ஆர்டிஸ்."

"தெரியும். அதான் பாக்கறேன்."

கல்லறைத் தோட்டத்தில் அறுபத்தொரு பேர் கிடக்கிறார்கள். நார்வேயிலிருந்து கப்பலேறி, பின் மாட்டு வண்டிகளில் அமெரிக்காவின் டகோட்டாவுக்கு முதலில் வந்து, புல்லும் வேருமாக மண்கட்டியை வெட்டிச் சுவர் எழுப்பிக் குடியிருந்தவர்கள். முதல் குளிர்காலத்திலேயே குன்ஹில்ட் ஹெக்டால் பிரசவத்தில் இறந்தாள். வெள்ளம் எட்டாத மேடு வேண்டும் என்று ஆண்கள் இரண்டு நாள் தேடி இந்த இடத்தைப் பிடித்தார்கள். வெள்ளம் இன்றுவரை மேலே ஏறவில்லை. ஆறுதான் வளைவை மாற்றிக்கொண்டு, அடியிலிருந்து மண்ணைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

ஆற்றுப்பக்கம் முதல் வரிசையில் இருப்பவை ஐந்தே குழிகள். ஐந்தும் டிவெய்டன் வீட்டுப் பிள்ளைகள். 1882 பிப்ரவரியில் தொண்டை அடைப்பான் நோய் வந்து பதினோரு நாளில் ஐவரையும் கொண்டுபோனது. மாரித், ஹால்வர், இங்கபோர், லார்ஸ். ஐந்தாவது குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. போதகர் தன் குறிப்பேட்டில் 'சின்னது' என்று மட்டும் எழுதிவைத்தார். தகப்பன் ஆண்டர்ஸ் உறைந்த தரையில் இரவு பகலாக நெருப்பு மூட்டி, இளகிய மண்ணைத் தோண்டினான் என்பதும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. அவன் நட்ட மரச்சிலுவைகள் பின்னால் ஒரு புல்வெளித் தீயில் எரிந்தன. அதன் பிறகு நூறு வருடம் அங்கே வெறும் புல்தான்.

அந்த ஐந்து இடங்களையும் கண்டுபிடித்தது ஆர்டிஸும் லைலும். நீளமான இரும்புக் கம்பியை அரை அடிக்கு ஓர் இடமாகக் குத்திப் பார்ப்பார்கள். யாரும் தோண்டாத மண்ணில் கம்பி இறங்காது. தோண்டி மூடிய மண், எத்தனை வருடமானாலும் வழிவிடும். "வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி எறங்கும்ப்பா. எறங்கின ஒடனே கையை எடுத்துடுவேன், குத்திடுமோன்னு," என்று ஆர்டிஸ் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு குழிக்கும் வயலில் பொறுக்கிய ஒரு கல். வருடா வருடம் வெள்ளைச் சுண்ணாம்பு. நாற்பது வருடமாக அங்கே புல் வெட்டுபவரும் அவர்தான்.

போன வருட வசந்தத்தில் கரையோர வேலி ஆற்றில் விழுந்தது. எல்லோரையும் தோண்டி எடுத்து ஊர்க் கல்லறைக்கு மாற்ற வேண்டும் என்று ஆர்டிஸ் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் டார்வின் பியூகா உட்கார்ந்திருந்தார். அவரும் அந்தப் பேருந்தில் வளர்ந்தவர்தான்.

"ஒவ்வொரு குழிக்கும் ரத்த சொந்தம் யாராவது கையெழுத்துப் போடணும், ஆர்டிஸ். சட்டம் அப்படி."

"சொந்தம் இல்லாதவங்களுக்கு?"

"கோர்ட்டுக்குத்தான் போகணும். ஒரு வருஷமாவது ஆகும்."

"நான் போடறேன் கையெழுத்து."

"நீங்க சொந்தம் இல்லையே."

ஆர்டிஸ் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "டார்வின், ரெண்டாங்கிளாஸ்ல பனிப்புயல்ல மாட்டினியே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸை ரோட்டுல நிறுத்திட்டு உன்னை முதுகுல தூக்கிட்டு உங்க வீட்டு வாசல் வரைக்கும் நடந்தேன். அன்னிக்கு உங்கம்மாகிட்ட கையெழுத்தா கேட்டேன்?"

டார்வின் தலை குனிந்தார். கோர்ட்டுக்கான மனுவை அவரே உட்கார்ந்து நிரப்பினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சொந்தங்களைத் தேடி ஆர்டிஸ் ஐம்பத்திரண்டு கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் என் வண்டியில்தான் கொண்டுபோனேன். பதில் ஏழு வந்தது. ஒருவர், அந்த நிலத்தடியில் எண்ணெய் இருக்கிறதா, தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருந்தார். அரிசோனாவில் ஒரு பெண்மணி, எங்களுக்கு அங்கே யாரும் கிடையாது, இனி எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கல்லை முந்தின நாள்தான் ஆர்டிஸ் நிமிர்த்தி நட்டிருந்தார். மீதி ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தும் பின்வரிசைக் குழிகள்.

டிவெய்டன் பிள்ளைகளுக்கு ஆள் தேடி நார்வே வரைக்கும் எழுதிப் பார்த்தார். ஆண்டர்ஸும் மனைவியும் பிள்ளைகளைப் புதைத்த அந்த 1882 வசந்தத்திலேயே மேற்கே போய்விட்டார்கள். அப்புறம் அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. தகவல் வந்த அன்று ஆர்டிஸ் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"கையெழுத்துப் போட வேண்டியவங்க பிறக்கவே இல்லை, ரோல்ஃப். பெத்தது அஞ்சு. அஞ்சும் இங்கதானே கிடக்கு."

ஏப்ரலில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நான் போனபோது பிக்கப்பின் கதவு திறந்தபடி கிடந்தது; ஆர்டிஸ் கரையில் நின்றிருந்தார். கரையின் வடக்கு முனை உள்வளைந்து, முதல் வரிசையைத் தொட்டுக் கடித்திருந்தது. மாரித்தும் ஹால்வரும் இருந்த இடம் காற்றாக இருந்தது. வெட்டிய கேக் போலத் தெரிந்த மண்சுவரில், மேசை இழுப்பறை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை மட்டும் தங்கியிருந்தது. பலகை மக்கிய கறை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் கரைந்தது.

ஆர்டிஸ் அழவில்லை. "பெரியவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க," என்று மட்டும் சொன்னார்.

டார்வினுக்குத் தொலைபேசினேன். கோர்ட்டில் விசாரணை செப்டம்பருக்குத்தான் வைத்திருக்கிறார்களாம். அதுவரை மண்வெட்டி வைத்தால் கல்லறையைத் தோண்டிய குற்றமாகும், ஆர்டிஸிடம் சொல்லிவை என்றார். சொன்னேன்.

"செப்டம்பரா," என்றார் ஆர்டிஸ். பிக்கப்பின் பின்பக்கம் மண்வெட்டி கிடந்தது. அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மழை மறுபடி தூறத் தொடங்கியது. விளிம்புக்கு நாலடி தூரத்தில் இங்கபோர், லார்ஸ், சின்னது மூன்று பேரின் கற்களும் நனைந்துகொண்டிருந்தன.

"வாங்க, போகலாம். நிக்கற இடமே விழும்," என்றேன்.

ஆர்டிஸ் முழங்கால் ஒவ்வொன்றாக மடித்துத் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஈரப்புல்லில், கற்களுக்கு இந்தப் பக்கம், ஆற்றைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். கட்டிலின் ஓரத்தில் பிள்ளைகளைப் போட்டுத் தூங்கும் பெண்கள் செய்வதுபோல, நீட்டிய கையை மூன்று கற்களுக்கும் மேலாக அந்தப் பக்கம் அணைத்துப் போட்டுக்கொண்டார்.