பெண் பார்க்க வந்தவர்களும் தூசிப் பையும்

எங்கள் அப்பா அவர்கள் வல்லத்திராக்கோட்டையில் உழவுக் குடும்பம் ஒன்றில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். இரண்டு வருடம் மழை பொய்த்ததும், இலுப்பூர்ப் பக்கம் ஒரு மாட்டுத்தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அரைக்கும்போது பறக்கும் தூசியை உறிஞ்சி நீளமான துணிப்பைகளில் பிடித்துவைக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. காலையில் அதன் மீட்டரைப் பார்த்து, அடியில் சேர்ந்த தூசியை அள்ளவைத்து, ஓசையைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகே அப்பாவுக்குக் காப்பி இறங்கும். தூசியில் பொறி பட்டால் வெடிக்கும் என்று, முதலாளியின் மாமனாரையே பீடியோடு கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர்.

என்னைப் பெண் பார்க்க அறந்தாங்கியிலிருந்து வருவதாக இருந்த அன்று அப்பா லீவு. காலையிலேயே போன் வந்தது. ஆலைப் புகைபோக்கியில் தூசி கொட்டுகிறதாம்.

"பை கிழிஞ்சிருக்கும். அரை மணி நேரத்துல வந்துருவேன்."

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை. இயந்திரத்தருகே அவர் செல்போன் கொண்டுபோக மாட்டார். அம்மா முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், பட்டுப்புடவையோடு கொல்லைவழியாக ஸ்கூட்டியை எடுத்தேன். கை கழுவ வந்த மாப்பிள்ளையின் அப்பா, "நானும் வாரேன்மா" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆலையில் அப்பா மெயின் சுவிட்சை அணைத்து, அதைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். இயந்திரத்துக்குள் அப்பாவின் உதவியாள் சேசு அண்ணன் பை மாற்றிக்கொண்டிருந்தார். முதலாளி கெஞ்சினார்.

"அண்ணே, லாரி நிக்குது. சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நான் போட்டுக்கிறேன்."

"உள்ள ஆள் இருக்கு. சேசு வந்து என் கண்ணு முன்னாடி நிக்கட்டும். அப்பறம் பாப்போம்."

"அப்பா, அவங்க வந்துட்டாங்க!" என்றேன்.

"ஒக்காரச் சொல்லு."

"இங்கயே வந்துருக்காங்கப்பா."

அப்பா திரும்பிக் கும்பிட்டார், மூக்குமூடியைக் கழற்றவில்லை. வந்தவர் வளைகுடாவில் சிமெண்ட் ஆலையில் உழைத்தவர். பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

"மாத்துச் சாவி யார்கிட்ட?"

"கெணத்துல."

"தவறி விழுந்துருச்சா?"

"நாந்தான் போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. வளைகுடா ஆலையில் யாரோ அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டதில் கூட வேலை பார்த்தவரின் கை போனதைச் சொன்னார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "எனக்கும் ஒரு மூக்குமூடி குடுங்க" என்றார்.

சேசு அண்ணன் வெளியே வந்து நின்ற பிறகே சாவி அவிழ்ந்தது. வீடு திரும்பும்போது மூவரும் தவிட்டு நிறம். மாப்பிள்ளை என்னைக் கடந்துபோய் அம்மாவிடம், "பொண்ண எப்பங்க காட்டுவீங்க?" என்று கேட்டார். அந்தத் தையிலேயே எங்கள் திருமணம் நடந்தது.

கடைசி நாட்களில் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "தங்கச்சி, இந்த ஏசி வலைய எப்பக் கழுவுனீங்க?" என்று கேட்டு நர்ஸை விழிக்கவைத்தார். அந்த நர்ஸ் அன்றே கழுவிக் கொண்டுவந்து காட்டினார். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தங்கைக்கு எங்கள் நன்றி.

காரியத்தன்று பந்தி பரிமாறியவர்கள் ஆலைத் தோழர்கள். அப்பாவிடம் திட்டு வாங்காதவர் அவர்களில் ஒருவரும் இல்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவர்கள் இலையில் சோறு வைக்கும்போது நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல்கூடக் குறையாத அத்தனை கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.