எதிரே நின்று எழுதிய கைகள்

2023 பிப்ரவரி 12, ஞாயிறு, காலை பத்து நாற்பது. வெயில் சுள்ளென்று இருந்தது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வீசிய காற்றில் மண் வந்து கண்ணை உறுத்தியது. ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் அம்மன் கோயில் முன்பு, புதுச் சிலையை லாரியிலிருந்து ஆறு பேர் இறக்கினார்கள். பழைய சிலையின் விரல்கள் உடைந்துபோனதால், என் மனைவி பேரில் நாங்கள் செய்துகொடுக்கும் சிலை அது. கும்பாபிஷேகத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

வைக்கோலை விலக்கியதும் பூசாரி பின்வாங்கினார்.

"இன்னா சார் இது? கத்தி இடது கையில கீது, கபாலம் வலது கையில கீது!"

எண்ணினேன். நான்கு கைகளும் இருந்தன. உடுக்கை, பாசக்கயிறு, கத்தி, கபாலம், எதுவும் குறையவில்லை. எல்லாம் பக்கம் மாறியிருந்தன.

"அம்மா லெஃப்ட் ஹேண்ட் பேட்டிங் போல" என்றார் கோயில் கமிட்டிக்காரர். ஆறு பேரும் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையது. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் இருந்தவன். பாறையைப் பார்த்து நின்றுதான் இடம், வலம் குறிப்போம். பழைய சிலைக்கு எதிரே நின்றும் அப்படியே எழுதிச் சிற்பிக்கு அனுப்பிவிட்டேன். இடம், வலம் சரிதானா என்று அவர் போனில் கேட்கவும் கேட்டார். "பதினேழு தடவை பார்த்து எழுதினது, எழுதினபடி செய்யுங்க" என்று அதட்டினேன்.

பூசாரியிடம் கெஞ்சினேன். "எல்லாம் அவ கையிலதானே இருக்கு?"

"வலது கை வெட்டணும் சார். சிந்துற ரத்தத்த இடது கை ஏந்தணும். ரத்தம் கீழ விழுந்தா கெட்டது திரும்ப மொளைக்கும். இத்த உள்ள வெச்சா நம்பள யாரு காப்பாத்துறது?"

செதுக்கிய கல்லில் கையை மாற்ற வழியில்லை.

மூட்டு வலியால் வாசல் தாண்டாத மனைவி, வீட்டில் காத்திருந்தாள். சொன்னேன்.

"பதினேழு தடவை பாத்து எழுதுனீங்களே, ஒரு தடவையாவது அவ நிக்கிற மாதிரி திரும்பி நின்னு பாத்தீங்களா?"

அன்று மாலை பழைய சிலைக்கு முதுகு காட்டி நின்று, என் வலக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாவது சிலை இருபத்து நான்காம் நாள் வந்தது. அதைத்தான் உள்ளே வைத்தார்கள். முதல் சிலை கோயில் கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. சிற்பி திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார், கமிட்டி எடுத்துப்போகச் சொல்கிறது. எங்கே எடுத்துப்போவேன்?

சிலை இரண்டு, லாரி இரண்டு, இறக்குகூலி இரண்டு, ஆக மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.