கேளாத பிள்ளைக்குச் செய்த கிலுகிலுப்பைகள்

மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் இளம் தாய் போன கிழமை ஒரு தட்டத்தை ஏந்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. தட்டத்தில் மஞ்சளும் பீற்றூட் சாறும் பிசறிக் காயவைத்த அரிசி. கைக்குழந்தைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டுச் சாமான் செய்வது எப்படி என்று கைபேசியில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். விரலுக்கு விதவிதமான பொருட்களைத் தொடக் கொடுத்தால் மூளை வளருமாம். எனக்குத் தந்த வேலை சின்னது. பயறு போட்ட போத்திலின் மூடியை இறுக்கிக் கொடுக்க வேண்டும். இறுக்கினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, குழந்தையின் முதுகுப் பக்கம் நின்று ஒருதரம் குலுக்கினேன்.

குழந்தை திரும்பிப் பார்த்தது.

நடந்தது அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சுகமில்லையோ என்று அந்தத் தாய் கேட்டாள். வெக்கை என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தேன். குலுக்கினால் குழந்தை திரும்பும். உலகத்தில் இதைவிடச் சாதாரணமான காரியம் இல்லை. அதற்காக நான் ஒருகாலத்தில் வாரக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், சரவணை என்ற ஊரில் இருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது. வேலணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். மனைவி தவமலர். மகள் மதுராவுக்கு எட்டு மாதம். பிறந்து எட்டாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி வலிப்பும் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து தந்தார்கள். பிறகு ஒரு குறையும் தெரியவில்லை. முகத்தைக் கண்டால் சிரிப்பாள், விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிப்பாள், தன்பாட்டில் ஏதேதோ சத்தம் போடுவாள். அப்படிப்பட்ட பிள்ளையைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

ஆனி மாதத்தில் சண்டை மறுபடி தொடங்கியது. குண்டு போடும் பொம்மர் விமானம் முதல்முதல் எங்கள் பக்கம் வந்த நாளில், வளவில் வெட்டிவைத்திருந்த பங்கர் குழிக்குள் விழுந்து படுத்தோம். வீடுவீடாக மீன் கொண்டுவந்து விற்கும் பிலோமினா அக்காவும் கடகப்பெட்டியோடு எங்களுடன் குதித்துவிட்டா. ஈர மண் மணமும் சூடைமீன் மணமும் கலந்த அந்த இருட்டு இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. குண்டு அரை மைல் தூரத்தில் விழுந்தது. நிலம் ஒருதரம் துள்ளியது. என் காது அடைத்துக்கொண்டது. பிள்ளை தாயின் நெஞ்சில் ஒட்டியபடி நித்திரை. கனவில் பால் குடிப்பதுபோல் வாயைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன தவமான பிள்ளை. வானம் இடிஞ்சாலும் எழும்பாது" என்றா பிலோமினா அக்கா.

பயத்தில் இருந்த எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். பிறகுதான் தவமலரைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே முதலாவது கிலுகிலுப்பையைச் செய்தேன். பால்மா டின்னுக்குள் இருபது புளியங்கொட்டை. பிள்ளைக்குப் பின்னால் இருந்து குலுக்கினேன். அவள் தன் கால் பெருவிரலில் கவனமாக இருந்தாள். புளியங்கொட்டை போதாது என்று ஆணி போட்டேன். ஆணிக்குப் பிறகு சைக்கிள் மணி, அதற்குப் பிறகு தாம்பாளமும் அகப்பையும். கடைசியில் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் இருந்து கைமணியைக்கூட எடுத்துவந்தேன். படிப்பிக்கிற புத்தி விடுமா? அப்பியாசக் கொப்பி ஒன்றில் கோடு கீறி, பொருள், தூரம், பலன் என்று எழுதவும் தொடங்கினேன். பலன் என்ற இடத்தில் இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் நிறைந்தது. ஒரேயொரு இடத்தில் 'ஆம்' என்று எழுதிப் பிறகு வெட்டியிருந்தேன். அன்று அவள் திரும்பியது சுவரில் விழுந்த என் நிழலைக் கண்டு. அதற்குப் பிறகு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மணியடித்தேன். ஒரு வளர்ந்த மனிதன், பள்ளிக்கூட வாத்தியார், நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று மணியடித்தால் ஊர் என்ன நினைக்கும்? பூசை தொடங்கிவிட்டேன் என்று அயலில் கதைத்தார்களாம்.

"இது பிள்ளை. உங்கட ஆய்வுகூடமில்லை" என்றாள் தவமலர்.

காது வைத்தியர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். சாதாரண நாளில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம். ஆனால் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்ததால், கடலுக்கு மேலாகப் போகும் பண்ணைப் பாதை மூடிக் கிடந்தது. மற்ற வழி, அக்கரையில் இருக்கும் அராலிக்கு வள்ளத்தில் கடலைக் கடப்பது. அந்த வெறுங்கடலில் ஹெலிகொப்டர் சுட்டுச் செத்தவர்களின் கதை கிழமைக்கு ஒன்று வந்தது. ஒரு காதைச் சோதிப்பதற்காகப் பிள்ளையை அந்த வள்ளத்தில் ஏற்றுவதா? தினமும் இதே கேள்விதான். தினமும் எங்களில் ஒருவர் ஏற்றுவோம் என்றால் மற்றவர் வேண்டாம் என்பார். மறுநாள் ஆள் மாறிச் சொல்வோம்.

அப்போதுதான் அந்த வெறும் பரல் கண்ணில் பட்டது. மண்ணெண்ணெய் வராததால் சும்மா கிடந்த தகரப் பீப்பாய். அதைச் சரித்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன்.

மதுரா நிமிர்ந்தாள். கண் அகலத் திறந்தது. மறுபடி தட்டினேன். வயிறு குலுங்க, எச்சில் வழிய, கடகடவென்று சிரித்தாள். நான் போட்ட சத்தத்தில் தவமலர் குசினியில் இருந்து மாக்கையோடு ஓடிவந்தாள். பிள்ளைக்குக் கேட்கிறது, கேட்கிறது என்று நான் அழுதுகொண்டே தட்டினேன். அவளும் பக்கத்தில் குந்தியிருந்து தட்டினாள். அப்படி ஒரு கால் மணித்தியாலம் இருந்திருப்போம். என் வாழ்க்கையில் அந்தக் கால் மணித்தியாலத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

பிறகு நான் அந்த வேலையைச் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்வதுண்டு. உள்ளே போய்த் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளையின் வயிற்றுக்கும் பரலுக்கும் நடுவில் வைத்தேன். தட்டினேன். அதே சத்தம்தான், அதே பரல்தான். மதுரா தலையணையின் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சூப்பத் தொடங்கினாள். பலமாகத் தட்டினேன். அவள் சூப்பிக்கொண்டிருந்தாள். அவள் அறிந்தது சத்தத்தை அல்ல, வயிற்றில் ஏறிய அதிர்வை.

தவமலரின் கையில் மா காய்ந்து வெடித்துப்போயிருந்தது.

"ஏன் தலையணையை வைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் கொப்பியைத் தொடவில்லை. பிள்ளையோடு விளையாடுவதை அவள் எடுத்துக்கொண்டாள். என்னைப்போல் அவள் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. பேசினில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வேப்பிலை மிதக்கவிட்டாள். சூப்பி முடித்த பனங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, அதன் தும்பை மயிர்போலக் கோதிக் கையில் கொடுத்தாள். தன் கூறைச் சேலையின் தலைப்பு, சாக்குத் துண்டு, கோழி இறகு எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் முடிந்து தொட்டிலுக்குக் குறுக்கே கட்டினாள். பிலோமினா அக்கா கடற்கரையில் வழுவழுப்பான சோகிகளை, அதுதான் சோழிகளை, பொறுக்கிக்கொண்டுவந்து தந்தா. அரிசியை விளையாடக் கொடுக்க எங்களிடம் அரிசி ஏது? தவிடுதான். தவிட்டுக்குள் பிள்ளை முழங்கை வரை கையை விட்டு அளைவாள். முகமெல்லாம் தவிடாய், தும்மித் தும்மிச் சிரிப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு நெஞ்சு வெடிக்கும். தவமலர் அழமாட்டாள். பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு பொருளுக்கும் கையால் ஒரு சாடை காட்டுவாள். பொத்திய கையைப் பிழிந்தால் தண்ணீர். கன்னத்தைத் தடவினால் அம்மா. மூக்குத் தண்டைத் தொட்டால் கண்ணாடி போட்ட நான். உள்ளங்கையைத் தலையில் அழுத்தினால் பொம்மர் வருகிறது, படு.

ஆவணியில் பிள்ளை நன்றாகத் தவழ்ந்தாள். ஒருநாள் காலை, கிணற்றடிக்கு அப்பால் மணலில் இருந்து சோகிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் வீட்டு வாசலில் நின்றோம். ஹெலி பனைகளுக்கு மேலாகத் திடீரென்று வந்துவிட்டது. நான் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மறுபடியும் கத்தினேன். எல்லாம் தெரிந்த நான்தான் கத்தினேன். பக்கத்தில் இருந்த உலக்கையை எடுத்து நிலத்தில் குத்தினேன். மணல் அதிர்வைக் கொண்டுபோகாது என்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவனும் நான்தான். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோகிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தவமலர் பிள்ளையை நோக்கி ஓடிவிட்டாள். பிள்ளைமேல் அவள் விழுந்ததைக் கண்டேன். பிறகு ஹெலி சுட்டதில் மணல் எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது.

பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தவமலரின் வலது தோள்மூட்டுச் சிதைந்திருந்தது. இத்தனை நாள் போவதா விடுவதா என்று தயங்கிய அந்தக் கடலை அன்று யோசிக்க நேரமில்லாமல் கடந்தோம். வள்ளத்தின் அடியில் அவள் கிடந்தாள். என் மடியில் இருந்த பிள்ளை, தாய் ஏன் முனகுகிறாள் என்று அறியாமல், தண்ணீரைக் கண்ட சந்தோசத்தில் கையைப் பொத்திப் பொத்திப் பிழிந்து காட்டினாள். அதுதான் மதுரா பேசிய முதல் சொல். அதைக் கொண்டாட ஆளில்லை.

யாழ்ப்பாணத்தில் தோளைக் காப்பாற்ற முடியவில்லை. கை இருந்தது. ஆனால் நெஞ்சுக்கு மேலே உயர்த்த ஏலாது. தவமலர் வார்ட்டில் கிடந்த நாட்களில் பிள்ளையைக் காது வைத்தியரிடம் கொண்டுபோனேன். வயதான மனிதர். பின்னால் நின்று இரண்டுதரம் கையைத் தட்டினார், கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இது உமக்கு முன்னமே தெரியும்தானே."

ஓம் என்றேன்.

சரவணைக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருசம் தீவுப்பகுதி முழுவதும் இராணுவத்தின் கைக்கு மாறி, எங்கள் ஆட்களெல்லாம் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். தவமலர் இடது கையால் எல்லாவற்றையும் பழகினாள். சமையல், எழுத்து, பிள்ளையோடு பேசுவது எல்லாம் இடது கைதான். ஒரு கைக்கு அடங்கும்படி சாடைகளை மாற்றிக்கொண்டாள். தாயும் மகளுமாகச் சேர்ந்து புதிதாக எத்தனையோ உண்டாக்கினார்கள். நாளைக்கு என்பதற்கு ஒன்று. பொய் சொல்லாதே என்பதற்கு ஒன்று. அப்பாவுக்குக் கோபம், இப்போது கேட்காதே என்பதற்கும் ஒன்று இருந்தது. அதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணமே ஊரைவிட்டு எழும்பி நடந்த அந்த மழை நாளில், கூப்பிட முடியாத பிள்ளையைத் தவமலர் சேலைத் துண்டால் தன் இடுப்போடு முடிந்துகொண்டு நடந்தாள். ஆறு வயது மதுரா வழி முழுக்க இடது கையால் தாயிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். தவமலர் நடந்தபடி பதில் சொன்னாள். சுற்றிவர அத்தனை சனம். அந்தப் பேச்சு அவர்கள் இருவருக்கு மட்டும்.

திரும்பி வந்தபின் மதுராவைக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே முறையான சைகை மொழி படிப்பித்தார்கள். வலது கையால், எல்லாருக்கும் விளங்கும்படி. அதனால்தான் அவளுக்குச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள், பிறகு வேலை கிடைத்தது, அதே மொழி பேசும் புருசனும் கிடைத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தவமலரும் மகளிடம் புதியதைக் கேட்டுப் படித்தாள். உயர்த்த ஏலாத வலது கையால் அதை அரைகுறையாகச் செய்வாள். மகள் பொறுமையாகத் திருத்துவாள்.

தவமலர் போய் ஆறு வருசம். கடைசி இரண்டு நாளும் வாய்ப்பேச்சு நின்றுவிட்டது. கட்டிலருகே மதுரா இருந்தாள், நானும் இருந்தேன். தவமலர் இடது கையைத் தூக்கி, மூன்று விரலை விரித்து, மெல்லக் கழுத்தடியில் வைத்து எடுத்தாள். மகளைப் பார்த்தபடி அதை மறுபடியும் செய்தாள். மதுரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது பழைய வீட்டுச் சாடை ஒன்று; என்ன என்று அவளுக்கு நினைவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் இருவரும் தலையாட்டினோம்.