பெரட்டு கலையவில்லை

இதைப் படித்துவிட்டு "இவள் நன்றாகக் கதை விடுகிறாள்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை விடத் தெரியாது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். 1996-இல் கேரி தீவில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்தி வந்தோம். அங்கிருந்து பாலம் கடந்து காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் கேரி தீவில் ஆள் இல்லாமல் போன ஒரு பழைய தோட்டப் பிரிவைச் சுற்றி, மக்கள் நடந்து பார்க்க ஒரு பாரம்பரிய நடைபாதை அமைப்பது எங்கள் திட்டம். கோயில், பள்ளிக்கூடம், கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை என்று எல்லாமே இடிந்துபோயிருந்தன. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். இடத்தையாவது காட்டலாமே என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

நடை, பெரட்டுக் களத்தில்தான் தொடங்க வேண்டும் என்றேன். தோட்டத்தில் விடியும் முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. கூப்பிடுகிறவர் கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. என் அப்பா ஒரு காலத்தில் கிராணியாக இருந்தவர். அவர் இறந்து பல வருடம் ஆகியும் எங்கள் மாடி வீட்டுக்குக் 'கிராணி வீடு' என்றுதான் பெயர். அந்தத் திமிரில், பெரட்டை நானே நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஒத்திகைக்கு என்னோடு வந்தவர் வாலண்டைன். அதே தீவில் லயத்தில் பிறந்தவர். வாய் ஓயாமல் பேசுவார். அவர் மனைவி உர்சுலாவுக்கு நிறைமாதம்.

"சீக்கிரமா அனுப்பிடுங்கக்கா. எனக்கு எப்ப வலி வரும்னு தெரியல," என்றாள் உர்சுலா.

"பத்திரமா கொண்டாந்து விட்டுர்றேன்," என்றேன். அது என் வாக்கு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. கும்மிருட்டு. மூடுபனி வேறு. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி நடந்தோம். போன வாரம் செம்பனை மரங்களில் நாங்கள் போட்ட சிவப்புப் பெயிண்ட் அம்புக்குறிகள் வழிகாட்டின. தூரத்தில், எதிர்க்கரையில், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளின் வெளிச்சம் வானத்தில் தெரிந்தது.

களத்தில் ஒரு பெரிய மரம். அதன் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று இன்னும் தொங்கியது. அந்தக் காலத்துப் பெரட்டு மணி. வாலண்டைன் கல்லை எடுத்துத் தட்டினார்.

டண்... டண்... டண்...

நான் கிராணி மாதிரி விறைப்பாக நின்றேன்.

"வாலண்டைன்."

"இருக்கேன்," என்றார் சிரித்துக்கொண்டே, எதிரே போய் நின்று.

பிறகு வாயில் வந்த பெயர்களைக் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சும்மா.

"மாரியாயி."

தவளைகள் மட்டும் கத்தின.

"இராமலிங்கம்."

தவளைச் சத்தம் நின்றது.

"நல்லம்மாள்."

"இருக்கேன்."

பெண் குரல். பனிக்குள்ளிருந்து. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு குரல்கள், தாமதமாக ஓடி வந்தவர்கள் போல மூச்சு வாங்க... "இருக்கேன்... இருக்கேன்..."

"விளையாட்டு போதும் லா, வாலண்டைன்."

"நான் இல்லக்கா."

அவர் சிரிக்கவில்லை. கிளம்பினோம்.

அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்தோம். பலகை வரவேண்டிய இடத்தில் தண்டவாளத் துண்டு வந்தது. மறுபடி களம். வழி தவறிவிட்டோம் என்று திரும்பி வேறு பக்கம் நடந்தோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி செம்பனை வரிசை. மறுபடி களம். இந்த முறை தண்டவாளத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

ஓர் அம்புக்குறியைத் தொட்டேன். விரலில் ஒட்டியது. போன வாரம் அடித்த பெயிண்ட்... ஈரமாக இருந்தது.

வாய்க்காலைக் கண்டுபிடித்து அதன் ஓரமாகவே போனோம். பலகை இல்லை. வாய்க்கால் நாலு பக்கமும் சுற்றி வந்து எங்களை உள்ளேயே வைத்திருந்தது. வானத்தில் தெரிந்த தொழிற்சாலை வெளிச்சமும் இப்போது இல்லை.

மூன்றாவது முறை களத்துக்கு வந்தபோது வாலண்டைன் என் பக்கத்தில் இல்லை. எதிரே போய் நின்றிருந்தார். முன்பு நின்ற அதே இடம்.

"வாங்க, போலாம்."

"வேலை சொல்லலியே."

"என்ன?"

"பேர் கூப்பிட்டீங்க. யாருக்கு எங்க வேலைன்னு சொல்லல. சொல்லாம எப்படிப் போறது?"

கையைப் பிடித்து இழுத்தேன். ஜில்லென்றிருந்தது. அசையவில்லை. உர்சுலாவின் முகம் கண்முன் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மண்ணெண்ணெய் வாடை.

ஈரத் துணி வாடை.

யாரோ மூச்சு விடும் சத்தம். ஒருவர் இல்லை...

என் கையிலிருந்த டார்ச்சின் வெளிச்சம் தரையில் விழுந்தது. வாலண்டைனின் சப்பாத்து. பக்கத்தில்...

கால்கள். சேறு அப்பிய வெறுங்கால்கள்.

வெளிச்சத்தை மேலே தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னைக்கு வேலை இல்ல," என்று கத்தினேன். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பிறகு காலடிகள் கலைந்து போகும் சத்தம். தவளைகள் கத்தத் தொடங்கின. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறேகால்.

வாலண்டைன் என் முன்னால் நடந்தார். அம்புக்குறிகள் நேராகப் பலகைக்கே கொண்டுபோய் விட்டன. கார் விட்ட இடத்திலேயே இருந்தது.

வெறுங்காலோடு கார் ஓட்டினார். சப்பாத்தைச் சேற்றில் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உயிரோடு வந்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

வாய் ஓயாத ஆள், பிரிக்பீல்ட்ஸ் நெருங்கும்போதுதான் ஒன்று கேட்டார்.

"எந்த வீட்டுக்கும்மா போகச் சொன்னீங்க? லயத்தத்தான் இடிச்சிட்டாங்களே."

என்றைக்கும் அக்கா என்று கூப்பிடுகிறவர் அம்மா என்றதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என்னை இறக்கிவிட்டார். மாடி ஏறினேன்.

வாசலில் வாலண்டைனின் சப்பாத்து இருந்தது.

அம்மா கதவைத் திறந்தார். யாழ்ப்பாணப் பேச்சு அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

"எங்க பிள்ளை போனனீ? ஆறேகால் இருக்கும், நாலு பேர் வந்து கதவைத் தட்டினவை. கிராணி வீடோ எண்டு கேட்டவை. இருங்கோ எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனனான். வந்து பாத்தா ஒருத்தரையும் காணேல்லை."

"ஆரம்மா?"

"ஒருத்தி மாரியாயி எண்டு சொன்னவ. மற்றவையைத் தெரியேல்லை. நாலாவது ஆள் உங்கட வாலண்டைன்தான். பெடியன் நல்லா நடுங்கினவன். உர்சுலாவிட்டப் போகலாமோ எண்டு என்னட்டக் கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? கிராணி மகள் வரட்டும், அவளிட்டக் கேட்டுட்டுப் போ எண்டனான்."

கூடத்தில் நாலு நாற்காலிகள். ஒவ்வொன்றின் கீழும் சாம்பல் நிறச் சேறு. கேரி தீவுச் சேறு.

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன்... எந்தப் பேரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் யார் 'இருக்கேன்' என்பார்கள்?

கார் திரும்பி, உர்சுலா வீட்டுப் பக்கம் போய்விட்டது.