தறிச் சத்தத்தால் போன காது அல்ல

எங்கள் அண்ணன் வெண்ணந்தூரில், தறிக்காரர் வீட்டின் மூத்த பிள்ளை. பிறவியிலேயே அவருக்குக் காது மந்தம். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். அண்ணனின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா என்னை அழைத்தார்.

“தறிச் சத்தத்துல காது போச்சுன்னு எழுதிப்போடு சாமி. உம்பட புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். நாலு பேரு படிப்பாங்கல்ல?”

என் மகளுக்கும் காது மந்தம். பரம்பரை என்று தெரிந்தால் வரன் வராது என்ற பெரியப்பாவின் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் அண்ணனைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன்.

அப்பா இறந்ததும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு கார் பட்டறைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தார். பிறகு ராசிபுரத்தில் சொந்தப் பட்டறை வைத்தார். பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம், “ஊருல எப்படிக் கூப்பிடறாங்களோ அப்படியே எழுதுங்க” என்றார். ‘செவிட்டு மெக்கானிக்’ என்றுதான் இன்றும் இருக்கிறது.

ஒருமுறை வாழப்பாடிக்காரர் ஒருவர் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். மேடு ஏறினால் இழுவை இல்லை, எஞ்சின் கொதிக்கிறது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியும் தீரவில்லை. சாப்பாடு கொண்டுபோன நான் அங்கே நின்றிருந்தேன்.

“காது கேக்காம தீப்பொறி டைமிங் எப்படிப் பார்ப்பீங்க?” என்றார் அவர்.

“வண்டி எங்கிட்டப் பேச வேண்டாங்க. காட்டுனாப் போதும்.”

தீப்பொறி பாயும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை எஞ்சினின் கீழ்ச்சக்கரத்தில் அடித்தார். மெதுவாக ஓடும்போது சக்கரத்தின் கோடு சரியான இடத்தில் நின்றது. வேகம் கூட்டினால் தீப்பொறி முந்த வேண்டும், கோடும் நகர வேண்டும். நகரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால், தீப்பொறியை முந்தச் செய்யும் எடைகள் துருவேறி ஒட்டிக் கிடந்தன.

“நிக்கற வண்டியோட மெதுவான சத்தத்தக் கேட்டே எல்லாருஞ் சரின்னுட்டாங்க. எனக்கு அந்த வசதி இல்லீங்களே!” என்று சிரித்தார் அண்ணன்.

ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருவர் என் மகளின் காதுக்கருவியை அவள் முடியை இழுத்து மூடினார். அண்ணன் விடவில்லை. “ஏனுங்க, கண்ணாடி போட்டவங்க மூக்க மூடிக்கறாங்களா?” மண்டபமே திரும்பியது. அண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது.

பட்டறையில் நெஞ்சுவலி வந்தபோது பக்கத்து டயர் கடைக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் முகக்கவசம் போட்டவர்களின் உதடு தெரியாமல் அண்ணன் தவித்தார். ஒரு செவிலியர் மட்டும் கவசத்தை இறக்கிப் பேசினார். கடைசியாக அண்ணன் புரிந்துகொண்ட பேச்சு அதுவே. அந்தச் செவிலியருக்கும், டயர் கடைக்காரர்களுக்கும், காரியத்துக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மகளிடம் கேட்டேன். “எழுதும்மா. ஒளிச்சுக் கட்டிக்கிட்டா, அப்புறம் தெனமும் ஒளிக்கோணும்” என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். தாய்மாமனைப் போலவே என் மகளுக்கும் பிறவியில் காது மந்தம். பெண் கேட்டு வருபவர்கள் தெரிந்தே வரட்டும். அதனால் வராதவர்கள் வராமலே இருக்கட்டும்.

— தங்கை