பூட்டியபடியே ஏறிய ஷட்டர்

பாளையங்கோட்டையில் ரோலிங் ஷட்டர் செய்கிற பட்டறை என்னுடையது. வீட்டுக்காரருடையது அல்ல, அப்பா விட்டுப் போனதும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்கிறார்கள். "முதலாளிதான் கேக்குதேன், என்ன வேணும்?" என்பேன்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து போன் செய்த தையற்கடைக்காரி அப்படிக் கேட்கவில்லை. பக்கத்துக் கடை ஷட்டரில் எழுதியிருந்த என் நம்பரைப் பார்த்து அழைத்திருந்தாள். ரவிக்கை தைக்க வந்த கல்யாணப் பட்டுகள் எல்லாம் களவு போய்விட்டன. ஆனால் அவள் போனில் அழுதது அதற்காக இல்லை. ஷட்டரின் இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன. கடையை வாடகைக்கு விட்ட கட்டிடக்காரர் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்: "பூட்டு அப்படியே கெடக்கு, சேலை மட்டும் போயிருக்கு. வந்தவன் என்ன எறும்பா? இவளே வித்துத் தின்னுட்டு நாடகம் ஆடுதா!" கடையைக் காலி செய்யவும் சொல்லிவிட்டார்.

"எக்கா, நான் கள்ளி இல்ல. நீங்க வந்து ஷட்டரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

கடை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில். கட்டிடக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழைய ஷட்டர்களில் இரண்டு ஓரத்திலும் ஒரு கம்பி கீழே இறங்கித் தரையிலுள்ள குழியில் உட்கார வேண்டும். அந்தக் கம்பிக்குத்தான் பூட்டு. நான் ஒரு ஸ்குரூடிரைவரால் குழியைக் குத்திப் பார்த்தேன். தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டதில் பொடியும் மண்ணும் இறங்கி, காய்ந்து, சிமெண்டைப் போலக் கெட்டியாகியிருந்தது. கம்பி இறங்க இடமே இல்லை. அப்புறம் பூட்டு எப்படிப் பூட்டும்? கம்பியைப் பார்த்தேன். அடப்பாவிகளா! குழிக்குள் போகாமலே பூட்டு விழட்டும் என்று இரண்டு கம்பியின் நுனியையும் யாரோ அறுத்திருந்தார்கள்.

ஷட்டரை இறக்கி இரண்டு பூட்டையும் பூட்டச் சொன்னேன். கட்டிடக்காரரே பூட்டினார். "சாவியை உங்க சட்டைப்பையில போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். போட்டுக்கொண்டார். அதற்குள் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பாதி இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் குனிந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினேன். கடகடவென்று ஏறியது. பூட்டு இரண்டும் பூட்டியபடியே என் தலைக்கு மேலே போய் நின்றன.

பக்கத்து டீக்கடைக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அண்ணாச்சி, கம்பி இறங்கலன்னு போன ஆடியில நீங்கதான ஆளக் கூட்டியாந்து அறுத்திய?"

கட்டிடக்காரர் முகம் கறுத்தது. "பொம்பளைக தெனமும் தண்ணியைக் கொட்டிக் கோலம் போட்டா குழி அடைக்கத்தான் செய்யும். முதல்ல கோலத்த நிறுத்தச் சொல்லும்மா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அவ கோலம் போடுவா. கோலம் போட்டாலும் கள்ளனுக்கு ஏறாத ஷட்டர நான் செய்யுதேன். செலவு உங்களது" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் பெரிய பூட்டாகக் கேட்கிறார்கள். கள்ளன் பூட்டையா பார்க்கிறான்? எங்கே இளகும் என்று பார்க்கிறான். ஆகவே தரையை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். நடுவில் ஒரே பூட்டு. சாவியைத் திருப்பினால் இரண்டு கம்பிகள் பக்கவாட்டில் ஓடி, சுவரோரத்து இரும்புச் சட்டங்களுக்குள் நுழைய வேண்டும். முழுக்க நுழையாவிட்டால் சாவி வெளியே வராது. அரைகுறையாய்ப் பூட்டிவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எட்டி உதைத்தால் தகடு பிதுங்கி வராதபடி சட்டத்தின் ஆழத்தைக் கூட்டினேன். நடுவில் வண்டி தூக்கும் ஜாக்கியை வைத்து நெம்பினாலும் வளையாதபடி அடியில் கனத்த இரும்பு ஆங்கிள் கொடுத்தேன்.

வெல்டர் சிரித்தான். "எக்கா, இது தையக்கடைக்கா, கஜானாவுக்கா?"

"அடுத்தவ கல்யாணச் சேலை இருக்குத எடம் கஜானாதாம்லே. நீ பேசாம வேலையப் பாரு."

புது ஷட்டரை மாட்டிய அன்று கட்டிடக்காரர் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு லோடு ஆட்டோவின் ஜாக்கியோடு வந்தார். வரட்டும் என்றுதான் இருந்தேன். நடுவில் வைத்துத் திருகு திருகென்று திருகினார். வேர்த்து ஊற்றியது. ஜாக்கி வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடைப் பக்கம் விழுந்தது. ஷட்டர் அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவும் இல்லை, வாய்விட்டே சிரித்தேன்.

"சரி, நல்லாத்தான் இருக்கு. இனி ஒண்ணுமில்ல. நீ கடைய நடத்திக்கோ" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவர் பைக்கில் ஏறினார்.

அவள் பைக்கின் முன்னால் போய் நின்றாள். அன்றுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, இங்கன நின்னுதான் என்னக் கள்ளின்னு சொன்னிய."

"அதான் விட்டாச்சுல்லா."

"நீங்க விட்டிய. ஊரு விடல. சேலை குடுத்தவ இன்னும் என் மொகத்தப் பாக்க மாட்டேங்கா. அன்னைக்கு என்ன சத்தத்துல சொன்னியளோ, அதே சத்தத்துல இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஷட்டரில் சாய்ந்துகொண்டேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ முனகினார்.

"கேக்கல அண்ணாச்சி" என்றாள். "பஸ்ஸுக்கு நிக்கவங்களுக்குக் கேக்கணும்."

பாபநாசம் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் நகரவில்லை. கடைசியில் அவர் வண்டியை விட்டு இறங்கி, தெருவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"இவ எடுக்கல! கம்பிய அறுத்தது நான்தான்! தப்பு எம் மேலதான்!"

நிறுத்தத்தில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் அவள் வழியை விட்டாள்.