வட்டப்பாறையில் வைக்காத கை

எங்கள் பஸ் கம்பெனி முதலாளி முதல் டீசல் வண்டியை வாங்கியபோது விழுப்புரமே திரண்டு வந்து பார்த்தது. திண்டிவனம் சாலையில் அது ஓடிய அழகே தனி. நின்றுவிட்டால்தான் வம்பு. பெட்ரோல் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற ஃபிட்டர் நான். டீசல் எஞ்சின் பம்ப் முன்னால் திருதிருவென்று விழித்தேன். ஒவ்வொரு முறையும் மெட்ராஸிலிருந்து ஆள் வரவேண்டும். வந்தவர் என்னைக் கிட்டேகூட விடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் முதலாளியே ஒருநாள் சொன்னார், மெட்ராஸ் பட்டறையில் மூன்று மாதம் இருந்து கற்றுக்கொண்டு வா, பயிற்சிக் கட்டணம், சாப்பாடு, வீட்டுக்குச் சம்பளம் எல்லாம் கம்பெனி பொறுப்பு என்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கணக்குப்பிள்ளை குறுக்கே விழுந்தார். "நம்ம காசுல தொழில் கத்துக்கினு வேற கம்பெனிக்குப் போய்ட்டான்னா இன்னாங்க பண்ணுவீங்க? பத்திரம் எழுதி வாங்குங்க."

முதலாளிக்குப் பத்திரத்தைவிட வட்டப்பாறையில்தான் நம்பிக்கை. திருவாமாத்தூர் கோயிலில் இருக்கிறது அது. அதன்மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்பார்கள். எங்கள் பக்கத்து வரப்புத் தகராறுகள் பலவும் அங்கே போய்த்தான் தீரும். "மூணு வருஷம் எங்கயும் போமாட்டேன்னு கைய வெச்சி சொல்லு. நாளைக்கே ரயில் ஏறு" என்றார்.

மூவரும் போனோம். மெட்ராஸ் போயே தீரவேண்டும் என்ற ஆசை ஒருபக்கம், என்னை நம்பவில்லையே என்ற கோபம் மறுபக்கம். பாறைக்கு முன்னால் நின்றதும் கோபம்தான் வாயைத் திறந்தது.

"வெக்கிறேங்க. நீங்களும் வெச்சி, திரும்பி வந்ததும் சம்பளம் ஏத்திக் குடுக்கிறேன்னு சொல்லுங்க."

சம்பள உயர்வு என்று யார் வாயெடுத்தாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே வருடக்கணக்கில் ஓட்டியவர் அவர். கணக்குப்பிள்ளை வாயைப் பிளந்தார். போச்சு, மெட்ராஸ் அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதலாளியின் கை பாதிவரை போயிற்று, நின்றது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். மறுபடி நின்றது. பிறகு குபீரென்று சிரித்துவிட்டார்.

"இன்னாத்துக்கு வம்பு? நானும் வெக்கல, நீயும் வெக்காத. போய்ட்டு வாப்பா."

மூன்று மாத முடிவில் மெட்ராஸ் பட்டறை மேஸ்திரி, இரட்டைச் சம்பளம் தருகிறேன், இங்கேயே இரு என்றார்.

"பத்திரம் எழுதிக் குடுத்திருக்கியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சத்தியம் பண்ணிருக்கியா?"

"அதுவும் இல்லீங்க."

"அப்புறம் இன்னாய்யா தடை?"

சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினேன்.

எந்த ரயிலில் வருகிறேன் என்று நான் எழுதவில்லை. விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே முதலாளி. காலையிலிருந்து ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று போர்ட்டர் சொன்னார்.

"வந்துட்டியா! வண்டி ரெண்டு நாளா படுத்துக்கினு கெடக்குது, ஜல்தி வா" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே என் பெட்டியைப் பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். எவ்வளவோ கெஞ்சியும், எங்கள் பட்டறை வாசல் வரைக்கும் அதை அவர் என்னிடம் தரவே இல்லை.